ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு: விசா முதல் வசிப்பு அட்டை வரை

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவள் நான். மலேசியாவில் பட்டம் முடித்துவிட்டு முதுகலைக்கு ஜெர்மனி போனேன். இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு என்று நினைத்திருந்தேன். இடம் கிடைத்த பிறகுதான் உண்மையான அலைச்சல் ஆரம்பித்தது. வகுப்பு தொடங்கி மூன்று வாரம் கழித்துத்தான் போய்ச் சேர முடிந்தது. விட்ட பாடத்தைப் பிடிக்க ஒரு பருவம் முழுக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது எங்கள் பக்கத்தில் இன்னும் சில பிள்ளைகள் மனு செய்யத் தயாராகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்பதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகக் கடிதம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று எதையும் தள்ளிப் போடாதீர்கள். அக்டோபர் பருவத்துக்கான கடிதம் பலருக்கும் ஜூன், ஜூலையில்தான் கைக்கு வருகிறது. விசாவுக்கு ஆறு வாரமும் ஆகலாம், பன்னிரண்டு வாரமும் ஆகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இடையில் மூச்சுவிட நேரமில்லை. ஆனால் வேலையில் பெரும்பகுதியைக் கடிதம் இல்லாமலே முடித்து வைக்கலாம். கீழே முதல் ஐந்து படிகளும் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

1. உங்கள் கடப்பிதழுக்கு உரிய விதியைப் படியுங்கள்

தமிழில் தேடினால் கிடைக்கும் காணொளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போட்டவை. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு உள்ள விதி வேறு. இந்தியாவில் படித்தவர்கள் விசாவுக்கு முன்பு ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ், அதாவது படிப்புத் தாள்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்று, வாங்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து அது அவர்களுக்குக் கட்டாயம். மலேசியாவில் படித்த மலேசியருக்கு அது கிடையாது. அது தெரியாமல் ஏ.பி.எஸ்.ஸுக்கு எங்கே மனு செய்வது என்று தேடியே இரண்டு வாரத்தை விட்டேன். நீங்கள் மலேசியராக இருந்து, பட்டம் தமிழ்நாட்டில் வாங்கியிருந்தால் மட்டும் இதைத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் இருக்கிறது. மலேசியக் கடப்பிதழ் இருந்தால் ஜெர்மனிக்குள் 90 நாள் விசா இல்லாமல் போய் வரலாம். "சும்மா போய் இறங்கு, அங்கேயே மாணவர் அனுமதி வாங்கிக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா மாதிரி சில நாட்டவருக்குத்தான் அந்தச் சலுகை. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. படிக்கப் போகிறவர் இங்கேயே தேசிய விசா, அதாவது டி வகை விசா, வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும்.

கடப்பிதழ் காலாவதி ஆகப் போகிறது என்றால் இப்போதே குடிநுழைவுத் துறைக்குப் போய்ப் புதுப்பித்துவிடுங்கள். 200 வெள்ளி (ரிங்கிட்) ஆகும். பழைய எண்ணில் எல்லாத் தாளையும் தயார் செய்துவிட்டுப் பிறகு கடப்பிதழை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

2. பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்

என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். வேறு யாரும் இதைச் சொல்லக் கேட்டதில்லை.

நம் கடப்பிதழில் நம் பெயர், நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர், எல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஜெர்மன் பாரங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அந்தச் சாய்கோட்டையும் பல இணையப் பாரங்கள் ஏற்காது. நான் ஒரு பாரத்தில் ஏ/பியை விட்டுவிட்டேன். இன்னொன்றில் சாய்கோடு இல்லாமல் இரண்டு எழுத்தையும் சேர்த்துப் போட்டேன். மூன்றாவதில் அப்பா பெயரை முன்னால் போட்டுவிட்டேன். விசாவுக்குப் போனபோது தூதரக முகப்பில் இருந்த அதிகாரி பல்கலைக்கழகக் கடிதம், பணக் கணக்குச் சான்று, காப்புறுதிச் சான்று மூன்றையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே பேனா முனையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். பிறகு மூன்றையும் என் பக்கம் திருப்பி வைத்தார். எது நீங்கள் என்று கேட்டார். இரண்டு சான்றைத் திருத்தி வாங்க எனக்குப் பதினோரு நாள் ஆனது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். முதன்முதலில் பல்கலைக்கழகத்துக்கு மனு செய்யும்போதே எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று முடிவு செய்துவிடுங்கள். கடப்பிதழில் இருக்கும் எந்தச் சொல்லையும் விட்டுவிடாதீர்கள். அந்த வடிவத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். வங்கி, காப்புறுதி, விமானச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், எல்லாவற்றிலும் அதையே எழுத்து மாறாமல் போடுங்கள்.

அப்புறம் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருக்கு அப்பா பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) வேறு யாரோ போய்ப் பதிந்துவிட்டு வந்திருப்பார்கள், காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். திருத்த வேண்டுமென்றால் தேசியப் பதிவிலாகாவில் மாதக் கணக்கில் ஆகலாம். பிறப்பைப் பிந்திப் பதிந்தவர்கள் என்றால் இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்க வேண்டும்.

3. சான்றிதழ்கள், மொழிபெயர்ப்பு

மலாயில் உள்ள எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ், பிறப்புப் பத்திரம், பட்டச் சுருள் ஆகியவற்றுக்கு ஆங்கில அல்லது ஜெர்மன் மொழிபெயர்ப்பு தேவைப்படும். தெரிந்த வாத்தியார் மொழிபெயர்த்துக் கொடுத்தால் செல்லாது. அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டும். மலேசிய மொழிபெயர்ப்பு, புத்தகக் கழகத்தில் செய்து தருவார்கள். மதிப்பெண் பட்டியலை உங்கள் பல்கலைக்கழகமே ஆங்கிலத்தில் தருமா என்று முதலில் கேளுங்கள், ஒரு செலவு மிஞ்சும். சில ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் சான்றொப்பமிட்ட நகல் கேட்கும். யாருடைய முத்திரையை ஏற்கிறார்கள் என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

4. பணம்: முடக்கக் கணக்கு

ஜெர்மன் மொழியில் ஷ்பெர்கோன்டோ என்பார்கள். ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும். இதை எழுதும்போது தொகை 11,904 யூரோ. ஒரு யூரோவுக்கு 5 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 59,520 வெள்ளி. இந்தப் பணம் யாருக்கும் கட்டணமாகப் போவதில்லை. நீங்கள் அங்கே போனபின் மாதம் 992 யூரோ உங்கள் கைக்கே திரும்பி வரும். எங்கள் அம்மாவுக்கு இதைப் புரிய வைக்கவே ஒரு வாரம் ஆனது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும் கட்டினால் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம் போன்ற வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்குகிறது.

பணம் எங்கிருந்து வரும்? எங்கள் வீட்டில் அப்பாவின் சேமநிதிதான். 2024 மே முதல் சேமநிதி மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது. ஃப்ளெக்சிபல் கணக்கில் இருப்பதை எப்போதும் எடுக்கலாம், காரணம் கேட்கமாட்டார்கள். செஜாத்ரா கணக்கிலிருந்து பிள்ளை படிப்புக்கு எடுக்க வழி உண்டு, ஆனால் பல்கலைக்கழகக் கடிதமும் பிறப்புப் பத்திரமும் கேட்பார்கள். அங்கேயும் அப்பா பெயர் ஒத்துப்போக வேண்டும். எவ்வளவு எடுக்கலாம், எதற்கு எடுக்கலாம் என்பதை முன்கூட்டியே சேமநிதி அலுவலகத்தில் அப்பாவோடு போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரரிடம், மட்டும் போகாதீர்கள். "கணக்கில் காட்டுவதற்குப் பணம் நான் போடுகிறேன், விசா வந்ததும் திருப்பிக் கொடு" என்று சொல்லும் முகவர்களையும் நம்பாதீர்கள். பூட்டிய பணம் மொத்தமாக வெளியே வராது. அவர் கேட்கும் வட்டி மாத்திரம் மாதாமாதம் வீட்டு வாசலுக்கு வரும்.

கணக்கை இணையத்திலேயே திறக்கலாம். எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. பணம் அனுப்பும்போதுதான் கவனம் வேண்டும். வழியில் உள்ள இடைநிலை வங்கிகள் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். நான் சரியாக 11,904 யூரோ சேரும்படி அனுப்பியதாக நினைத்தேன். போய்ச் சேர்ந்தது 18 யூரோ குறைவு. முழுத்தொகை சேராமல் சான்று தரமாட்டார்கள். அந்த 18 யூரோவை அனுப்ப இன்னொரு முறை வங்கிக்குப் போய், அந்தத் தொகையைவிட அதிகமாகக் கட்டணம் கட்டினேன். ஒன்பது நாள் போனது, தூதரகத்தில் வாங்கி வைத்திருந்த தேதியும் போனது. எல்லாக் கட்டணத்தையும் அனுப்புகிறவரே ஏற்பதாகப் பாரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேலும் ஒரு 100 யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள். சின்னப் பட்டணத்துக் கிளையில் யூரோ அனுப்பிப் பழக்கமில்லை என்றால் ஈப்போவுக்குப் போய்விடுங்கள்.

5. காப்புறுதி: இரண்டு தேவை

விமானம் இறங்கும் நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் பதிந்துகொள்ளும் நாள் வரைக்கும் ஒரு பயண மருத்துவக் காப்புறுதி. அதன்பின் படிப்புக்காலத்துக்கு முறையான மருத்துவக் காப்புறுதி. 30 வயதுக்குள் இருந்தால் அரசுசார் காப்புறுதியில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும். இது கனமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மாதம் 30, 40 யூரோவுக்குத் தனியார் காப்புறுதி கண்ணில் படும். எடுக்காதீர்கள். அரசுசார் காப்புறுதி வேண்டாம் என்று ஒருமுறை விலக்கு வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பிச் சேர முடியாது. என்னோடு படித்த ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தபோது அந்த மலிவுக் காப்புறுதி எதை எதைக் கட்டாது என்பது தெரியவந்தது.

6. விசா மனு

2025 தொடக்கத்திலிருந்து ஜெர்மன் வெளியுறவு அமைச்சின் இணைய வாசலில் மனுவைப் பதிந்து தாள்களை ஏற்றலாம். அவர்கள் பார்த்துவிட்டுக் குறை இருந்தால் சொல்வார்கள். பிறகு கைரேகைக்கும் அசல் தாள்களுக்கும் நேரில் போக வேண்டும். தூதரகம் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிறது. கட்டணம் 75 யூரோவுக்கு ஈடான வெள்ளி. மறுத்தாலும் அது திரும்பி வராது.

கையில் இருக்க வேண்டியவை: கடப்பிதழ், புகைப்படங்கள், பல்கலைக்கழகக் கடிதம், முடக்கக் கணக்குச் சான்று, பயணக் காப்புறுதி, பட்டமும் மதிப்பெண்களும், மொழித் தேர்ச்சிச் சான்று, தன்விவரக் குறிப்பு, ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் கடிதம். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்.

அந்தக் கடைசிக் கடிதத்தை யாரிடமும் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். முன்பு படித்ததற்கும் இப்போது படிக்கப் போவதற்கும் என்ன தொடர்பு, முடித்தபின் என்ன எண்ணம் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் போதும். நேரில் கேட்டால் அதையே உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

முன்பெல்லாம் விசா மறுத்தால் செலவில்லாமல் மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் புதிதாக மனு செய்ய வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். அதனால் குறையுள்ள தாளோடு "போய்த்தான் பார்ப்போமே" என்று போகாதீர்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர்கள் முதல் நாளே போய்க் கோலாலம்பூரில் தங்கிவிடுங்கள். காலை ரயிலை நம்பிக் காலைத் தேதி வாங்காதீர்கள். விசா கடப்பிதழில் ஒட்டப்படும்வரை விமானச் சீட்டும் வாங்க வேண்டாம். பிந்திவிடும் போலிருந்தால், எந்தத் தேதிவரை வந்து சேரலாம் என்று பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். எனக்கு இடம் போகாமல் காப்பாற்றியது அந்த ஒரு மின்னஞ்சல்தான்.

7. அறை

கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்குப் பெயர் கொடுங்கள், காத்திருப்பு நீளம். பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்கிறவர் எல்லாம் ஏமாற்றுக்காரர்.

ஈழத் தமிழர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஹாம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயிலே கட்டியிருக்கிறார்கள். எனக்கு முதல் அறை கிடைத்தது ஓர் ஈழத்து அக்கா மூலம்தான். அப்படி உதவுகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்காதீர்கள்: குடியிருக்காமல் முகவரியை மட்டும் கடன் கேட்பது. அது சட்டப்படி குற்றம், அவர்களுக்கும் அபராதம் வரும்.

கையில் 1,500 யூரோவாவது எடுத்துப் போங்கள். முடக்கக் கணக்கிலிருந்து முதல் 992 வருவதற்கு அங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். அது திறக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

8. முதல் இரண்டு வாரம்

குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்று பெயர். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று இல்லாமல் நடக்காது. வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற அந்த நீண்ட பெயரை எழுதிக் காட்டியே கேளுங்கள். தேதி கிடைப்பது கஷ்டம் என்பதால் இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் தேதி எடுத்துவிடுங்கள்.

பதிந்ததும் செய்ய வேண்டிய ஒரு சிறு வேலை, உங்கள் பெயரைத் தபால் பெட்டியில் ஒட்டுவது. தோட்டத்தில் நமக்கு வரும் கடிதம் ஆபீசுக்கு வரும், கிராணி யார் பிள்ளை என்று பார்த்துக் கொடுத்தனுப்புவார். அங்கே தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார். நான் என் பெயரை மட்டும் ஒட்டியிருந்தேன். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு வந்த கடிதங்கள் திரும்பிப் போயின. அதில் ஒன்று வெளிநாட்டவர் அலுவலகத்தின் தேதிக் கடிதம். கடப்பிதழில் உள்ள பெயர் முழுவதையும் ஒட்டுங்கள்.

ஒலிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். அது மோசடி இல்லை, ஒரு வீட்டுக்கு ஒன்று. கூட இருப்பவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

9. வசிப்பு அட்டை

டி விசா பெரும்பாலும் சில மாதத்துக்குத்தான் தருவார்கள். அது முடிவதற்கு முன் நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு மனு செய்ய வேண்டும். கட்டணம் 100 யூரோ. பதிவுச் சான்று, பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று, காப்புறுதி, பணச் சான்று கேட்பார்கள். நேரில் பார்க்கத் தேதி இல்லை என்று சொன்னாலும் விசா முடியும் நாளுக்கு முன்பே மனுவை இணையத்திலோ மின்னஞ்சலிலோ கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். காலத்துக்குள் மனு செய்திருந்தால் முடிவு வரும்வரை சட்டப்படி இருக்கலாம். அதைக் காட்டும் தற்காலிகத் தாள் ஒன்று உண்டு, ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்பார்கள், கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் பிந்தினாலும் நிலைமை வேறு.

தீபாவளி அக்டோபர், நவம்பரில் வந்துவிடும். போய்ச் சேர்ந்த முதல் ஆண்டு அதற்கு ஊருக்கு வர ஆசைப்படாதீர்கள். விசா முடிந்து, அட்டையும் வராமல், அந்தத் தாளும் இல்லாமல் ஊருக்கு வந்தால் திரும்பி நுழைவது சிக்கல். தாள் இருந்தாலும், அதை வைத்துக்கொண்டு நாட்டுக்குள் திரும்ப முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். எல்லா வகைத் தாளும் அதற்கு இடம் தராது.

10. வேலை, நீட்டிப்பு

2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். பல்கலைக்கழகத்துக்குள் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது, முதலில் அதைத் தேடுங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் காப்புறுதியும் ஆட்டம் காணும். சொந்தத் தொழில் என்ற கணக்கில் எழுதிக்கொண்டு தரும் உணவு விநியோக வேலை மாதிரியானவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அட்டையை நீட்டிக்கும்போது மறுபடியும் பணச் சான்று கேட்பார்கள். 992 வந்ததும் செலவழித்துவிட்டு ஆண்டு முடிவில் திண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். வேலைச் சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள், அவையும் உதவும். துறையை மாற்ற நினைத்தால் மாற்றிவிட்டுச் சொல்லாமல், அலுவலகத்தைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். படிப்பை முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம் வரை அனுமதி கிடைக்கும், அதற்கும் இருக்கிற அட்டை காலாவதி ஆவதற்கு முன்பே மனு செய்ய வேண்டும்.

வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, ஊரில் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்றால், ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் அட்டை தானாகவே செல்லாததாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் அலுவலகத்தில் சொல்லிக் கூடுதல் காலத்தை எழுத்தில் வாங்கலாம். கிளம்பும் நாளில் இது மனதில் இருக்காது, அதனால் உங்கள் தாள்கள் எல்லாவற்றின் நகலையும் ஒரு கோப்பில் போட்டு வீட்டில் விட்டுப் போங்கள். அதன் முதல் பக்கத்தில் அட்டை முடியும் தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மா அந்தத் தேதியைச் சாமிப் படத்துக்குப் பக்கத்து நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தார். இரண்டு முறையும் எனக்கு ஞாபகப்படுத்தி ஃபோன் செய்தவர் அவர்தான்.